சாய்டென் எரிமலை: ஐந்து கிலோமீட்டர், நான்கு மணி நேரம்

2008 ஏப்ரல் 30 இரவு, தெற்குச் சிலியின் கடலோரச் சிற்றூரான சாய்டெனில் தரை அதிர ஆரம்பித்தது. நிலநடுக்கம் அந்த நாட்டுக்குப் புதிதில்லை. ஆனால் மறுநாள் நள்ளிரவை ஒட்டி ஊர்மேல் சாம்பல் விழுந்தது. முதலில் எல்லோரும் கைகாட்டியது பக்கத்தில் பனிமூடி நிற்கும் மிச்சின்மாவிதா எரிமலையைத்தான். அது பெரியது, எல்லோருக்கும் தெரிந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது. வெடித்தது ஊரிலிருந்து பத்தே கிலோமீட்டரில் இருந்த சாய்டென் எரிமலை. காட்டுக்குள் சுமார் மூன்று கிலோமீட்டர் அகலமான பள்ளம், அதன் நடுவே பழைய கண்ணாடிப் பாறைக் குன்று ஒன்று, அவ்வளவுதான் அதன் தோற்றம். அது கடைசியாகப் பொங்கி 9000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்பதுதான் அன்றைய கணக்கு. 17ஆம் நூற்றாண்டிலும் ஒருமுறை பொங்கியிருக்கிறது என்பது பின்னால் வந்த ஆய்வுகளில்தான் தெரிந்தது.

மே 2 அன்று சாம்பல் தூண் 20 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பெரும்பாலும் கடல் வழியாகவே வெளியேற்றினார்கள். காற்று சாம்பலை ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டி அர்ஜென்டினாவுக்குள் கொண்டுபோய்க் கொட்டியது. மே 12 அன்று மழையோடு கரைந்து இறங்கிய சாம்பல் சேறாகி பிளாங்கோ ஆற்றை நிரப்ப, ஆறு பழைய தடத்தை விட்டுவிட்டு ஊரின் நடுவே புதிதாக ஒரு வழியை வெட்டிக்கொண்டு கடலுக்குப் போனது. வீடுகளை விழுங்கியது இந்தச் சேறுதான். அதற்குள் மக்கள் வெளியேறியிருந்தார்கள் என்பதால் உயிர்கள் தப்பின.

எரிமலை ஆய்வாளர்களைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று: முதல் அதிர்வுக்கும் முதல் சாம்பலுக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ 24 மணி நேரம்தான். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் 1980 மார்ச்சிலேயே அதிர ஆரம்பித்து, மே 18 அன்றுதான் பெரிதாக வெடித்தது. பிலிப்பைன்ஸின் பினட்டுபோ 1991 ஏப்ரல் தொடக்கத்தில் நீராவி கக்கி, ஜூன் 15 அன்று உச்சத்துக்குப் போனது. இரண்டு இடத்திலும் ஏறத்தாழ இரண்டு மாதமோ அதற்கு மேலோ அவகாசம் கிடைத்தது. சாய்டெனில் வெளிவந்ததோ ரயோலைட். மாக்மா (பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பு) வகைகளிலேயே சிலிக்கா மிகுந்தது, மிகக் கெட்டியானது. ரயோலைட் பெரிய அளவில் வெடித்தது அதற்கு முன் 1912இல், அலாஸ்காவின் நோவரப்டாவில். ஆள் நடமாட்டமே இல்லாத அந்த இடத்தில் நின்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆக, கெட்டியான குழம்பு மெதுவாகத்தான் ஏறும், ஏறும்போது நிறைய சத்தம் போடும் என்ற நம்பிக்கை சோதிக்கப்படாமலேயே பாடமாகிவிட்டிருந்தது. அந்த நம்பிக்கை எங்கே பிழையானது என்பதைச் சொன்னது ஒரு கண்ணாடித் துணுக்கு.

பாகும் அதன் பதமும்

ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதைப் பள்ளிப் புத்தகம் பாகுநிலை என்கிறது. நல்ல சொல். அடுப்படியில் பாகு காய்ச்சியவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரியும்.

எங்கள் வீட்டில் கடலை மிட்டாய்க்கு வெல்லம் காய்ச்சும்போது அம்மா பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வார். வெல்லம் கரைந்து கொதிக்கும்போது கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார். முதலில் கரைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து விட்டால் விரலில் உருட்ட வரும். இன்னும் கொஞ்சம் காய்ச்சி விட்டால் சொட்டு இறுகிப்போய், எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார். வெல்லம் அதே வெல்லம்தான். அதிலிருந்து தண்ணீர் போகப் போகப் பாகு இறுகுகிறது. குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று விழுந்த சொட்டு, படிகமாவதற்கு நேரமில்லாமல் அந்த நொடியின் நிலையிலேயே உறைந்துவிடுகிறது. டங்கென்று சத்தம் போடுவது கண்ணாடி.

பூமிக்கு அடியில் நடப்பதும் இதே கதைதான், சூடும் அளவும் வேறு. பாகுநிலையை அளக்கும் அலகு பாஸ்கல்-விநாடி. அறைச் சூட்டில் தண்ணீரின் பாகுநிலை ஒரு பாஸ்கல்-விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தேன் சுமார் 10. ஹவாயின் பசால்ட் குழம்பு (சிலிக்கா குறைந்த, எளிதில் ஓடும் வகை) சில நூறு. இனி ரயோலைட்டைப் பார்ப்போம். சாய்டென் குழம்பின் சூடு 800 டிகிரி செல்சியஸைச் சற்றே தாண்டியது. 825 என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில், எடையில் 0.1 சதவீதம் மட்டும் தண்ணீர் இருக்கும் ரயோலைட்டின் பாகுநிலை சுமார் 1000 கோடி பாஸ்கல்-விநாடி. 1 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் ஒரு கோடிக்குச் சற்று மேல். 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு லட்சம். நூற்றுக்கு நாலு பங்கு தண்ணீர், பாகுநிலையை ஒரு லட்சம் மடங்கு குறைத்துவிடுகிறது. சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் சங்கிலிகளைத் தண்ணீர் அங்கங்கே வெட்டிவிடுவதுதான் காரணம்.

இந்தக் கணக்கு எனக்குக் கிடைத்தது, கை-உவே ஹெஸ், டொனால்ட் டிங்வெல் இருவரும் 1996இல் வெளியிட்ட ஒரு சமன்பாட்டிலிருந்து. டிங்வெல் கனடாக்காரர், ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர். உருகிய பாறை எப்படி ஓடுகிறது, எப்போது கண்ணாடியாகிறது என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி. 2008இல் ஜியோர்டானோ, ரஸ்ஸல் இருவருடன் சேர்ந்து, 1700க்கும் மேற்பட்ட அளவீடுகளை ஒன்றாக்கி, எந்த மாக்மாவுக்கும் அதன் வேதிச் சேர்க்கையும் சூடும் தெரிந்தால் பாகுநிலையைக் கணிக்க உதவும் மாதிரியைக் கொடுத்தார். சாய்டென் வெடித்த அதே ஆண்டு என்பது தற்செயல்.

அந்த அளவீடுகள் லேசில் கிடைப்பவை அல்ல. மிக உயர்ந்த சூட்டில் உருகிய குழம்புக்குள் ஒரு தண்டைச் சுழலவிட்டு, அது எவ்வளவு திணறுகிறது என்று பார்க்கலாம். குறைந்த சூட்டில், கிட்டத்தட்ட கண்ணாடியான நிலையில், ஒரு சிறிய முனையை அதன்மேல் அழுத்தி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு புதைகிறது என்று பார்க்கலாம். நடுவில்தான் சிக்கல். தண்ணீர் கலந்த கண்ணாடியை நடுச்சூட்டுக்குக் கொண்டுபோனால் அது பால் பொங்குவதுபோல் நுரைத்துவிடும், இல்லாவிட்டால் படிகம் கட்டிவிடும். எரிமலை வேலை செய்வதோ பெரும்பாலும் அந்த நடுச்சூட்டில்தான். அதனால் இரு கரையிலும் அளந்து, நடுவே வோகல்-ஃபுல்ச்சர்-டாமன் சமன்பாட்டின் வளைகோட்டைப் பாலமாகப் போடுகிறார்கள். கண்ணாடி ஆய்வாளர்கள் சன்னல் கண்ணாடிக்கும் பாட்டிலுக்கும் பயன்படுத்தும் அதே சமன்பாடு. அண்மைக்காலத்தில் ஒரு எச்சரிக்கையும் சேர்ந்திருக்கிறது. நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும் கண்ணாடிக்குள்ளும் நானோ அளவில் இரும்பு ஆக்சைடு படிகங்கள் ஒளிந்திருக்கலாம். அவை பாகுநிலையைக் கூட்டிக்காட்டும். ரயோலைட்டில் இரும்பு குறைவு என்பதால் நம் கதையில் இது பெரிய தொல்லையில்லை.

கண்ணாடியிடம் கேட்ட கேள்வி

எரிமலை ஆய்வாளர் ஜொனாதன் காஸ்ட்ரோவும் டிங்வெல்லும் சாய்டென் நுரைக்கல்லை எடுத்துக்கொண்டு கேட்டது எளிமையான கேள்வி: நீ எங்கிருந்து கிளம்பினாய், எவ்வளவு வேகமாக வந்தாய்?

முதல் பாதிக்கான விடை அழுத்தத்தில் இருக்கிறது. மாக்மாவில் கரையும் தண்ணீரின் அளவு, அழுத்தத்தின் இருமடி மூலத்தை ஒட்டி ஏறும். ஐந்து கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில் ரயோலைட் 4 சதவீதத்துக்கு மேல் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். தரைமட்டத்துக்கு வந்தால் 0.1 சதவீதம்தான் தாங்கும். மீதியெல்லாம் குமிழியாகக் கிளம்பிவிடும், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல.

இரண்டாம் பாதிக்குச் சோதனைக்கூடம் வேண்டும். சாய்டென் பாறையைத் தண்ணீரோடு அழுத்தக் கலத்தில் வைத்து, எந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் இயற்கையில் இருந்த அதே படிகங்கள் நிலைத்திருக்கின்றன என்று பார்த்தார்கள். பிறகு வெவ்வேறு வேகத்தில் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். மாக்மா மெதுவாக ஏறினால், தண்ணீர் வெளியேறும்போது பிளாஜியோகிளேஸ் என்ற கனிமத்தின் படிகங்களின் விளிம்பில் புது வளர்ச்சி தெரிய வேண்டும். பாகைச் சிறு தீயிலேயே விட்டால் ஓரத்தில் சர்க்கரை பூப்பதுபோல. சாய்டென் கல்லில் அந்த வளர்ச்சி இல்லை. படிகத்துக்கு வளர நேரம் கிடைக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். 2009 அக்டோபரில் நேச்சர் இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: ஐந்து கிலோமீட்டருக்கும் கீழேயிருந்து தரையை ஒட்டிய பகுதிவரை, சுமார் நான்கு மணி நேரம்.

நான்கு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் என்றால் மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர். தளர்நடை போடும் குழந்தையின் வேகம்தான். ஆனால் இது தேனைவிடப் பத்தாயிரம் மடங்கு கெட்டியான திரவம், செங்குத்தாக மேலே ஏறும் வேகம். நம்ப முடிகிறதா என்று நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பத்து மீட்டர் அகலமுள்ள ஒரு பிளவு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் குழம்பு, சுற்றியுள்ள பாறையைவிடக் கனமீட்டருக்கு 300 கிலோ லேசானது. அதைத் தள்ளுவது அந்த மிதப்பு மட்டுமே. பாகுநிலை ஒரு லட்சம் என்றால் வேகம் விநாடிக்குக் கால் மீட்டர் வருகிறது. ஐந்து கிலோமீட்டரைக் கடக்க ஐந்தரை மணி நேரம். பிளவு இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தாலோ, அடியில் அழுத்தம் கூடுதலாக இருந்தாலோ நான்கு மணி நேரம் சர்வ சாதாரணம். சரி, அதே பிளவில் தண்ணீர் இல்லாத ரயோலைட்டை ஏற்றிப் பார்ப்போம். பாகுநிலை 1000 கோடி. கடக்க ஆகும் காலம் அறுபது ஆண்டுகளுக்கு மேல்.

ரயோலைட் கெட்டியானது என்ற பாடம், தரைக்கு வந்து தண்ணீரை இழந்து உறைந்த கல்லைப் பார்த்து எழுதிய பாடம். ஆழத்தில் இருக்கும்போது அது வேறு திரவம். இறுகிய மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பில் கொதிக்கும் பாகு எப்படி ஓடும் என்று ஊகித்தது போன்ற தவறு இது. செயற்கைக்கோள் ரேடாரை வைத்துத் தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்த மற்றொரு குழு, 2011இல், பிளவு வழியாகவும் ஏற்கெனவே இருந்த நிலப்பிளப்பு ஒன்றின் துணையோடும் குழம்பு மேலே வந்ததாகச் சொன்னது. வழி ஏற்கெனவே பலவீனமாக இருந்திருந்தால் பாறையை உடைக்கும் ஓசையும் குறைவாகத்தானே இருக்கும்.

வெடித்ததும் வழிந்ததும் ஒரே குழம்பு

தரையை நெருங்கும்போது நடப்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம். தண்ணீர் குமிழியாகப் பிரிய, மீதமுள்ள குழம்பு இறுகிக்கொண்டே போகிறது. குமிழிகள் விரியப் பார்க்கின்றன. குழம்பு விடமாட்டேன் என்கிறது. ஜவ்வு மிட்டாயை மெதுவாக இழுத்தால் நூலாக நீளும், வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று முறியும். திரவமா திடமா என்பதை அங்கே தீர்மானிப்பது இழுக்கும் வேகம். உருகிய பாறையிலும் அப்படித்தான். 1000 கோடி பாகுநிலையில் குழம்பு தன் உள்கட்டமைப்பைச் சரிசெய்துகொள்ள ஒரு விநாடி அளவுக்கு நேரம் வேண்டும். அந்த அவகாசம் தராமல் இழுத்தால், 800 டிகிரி சூட்டிலும் அது கண்ணாடிபோல் உடைகிறது. எரிமலைச் சாம்பல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, எரிந்த எதன் சாம்பலும் இல்லை. இப்படி நொறுங்கிய கண்ணாடித் தூள்.

பத்து நாளில் சாய்டெனில் காட்சி மாறியது. அதே வேதிச் சேர்க்கை கொண்ட குழம்பு, இப்போது பள்ளத்துக்குள் வழிந்து குன்றாகக் குவிய ஆரம்பித்தது. முதல் சில மாதங்களில் விநாடிக்குப் பத்துக் கணக்கான கனமீட்டர் வீதம் வந்துகொண்டே இருந்தது. பக்கத்திலேயே சாம்பலும் பீறிட்டுக்கொண்டிருந்தது. வெடிப்பும் வழிவதும் வெவ்வேறு கட்டங்கள் என்று பிரித்து வைத்திருந்தவர்களுக்கு இது இன்னொரு அடி.

வழிந்து குவிந்ததில் அப்சிடியனும் உண்டு. குமிழியே தெரியாத வழவழப்பான கண்ணாடி. உடைத்தால் சிப்பி உட்புறம்போல் வளைந்த முகமும் கத்தி விளிம்பும் வரும். சாய்டெனின் பழைய குன்றிலிருந்து கிடைத்த இந்தக் கல்லில் செய்த கருவிகள், 400 கிலோமீட்டர் தள்ளியுள்ள கடலோரத் தொல்லிடங்கள்வரை கிடைத்திருக்கின்றன. ஐரோப்பியர்கள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அங்கே வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கல்லின் அருமை தெரிந்திருக்கிறது.

புதிர் இதுதான். 4 சதவீதம் தண்ணீரோடு கிளம்பிய குழம்பு, நுரைத்து வெடிக்காமல், குமிழியில்லாத கண்ணாடியாக எப்படி மாறியது? அத்தனை வாயுவும் எங்கே போனது? நுரையில் ஓட்டைகள் ஒன்றோடொன்று இணைந்து, வாயு கசிந்து வெளியேறி, நுரை அமுங்கிக் கண்ணாடியாயிற்று என்பது 1980களிலிருந்து நிலவிய விளக்கம். சாய்டென் எறிந்த பாறைக் குண்டுகளுக்குள் இன்னொரு தடயம் கிடைத்தது: கண்ணாடிக்குள் ஓடும் மெல்லிய சாம்பல் கோடுகள். குழம்பு உடைந்து, பிளவு திறந்து, வாயு வெளியேறி, சாம்பல் நிரம்பி, பிளவு மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி அளந்தால், அந்தக் கோட்டை ஒட்டிய கண்ணாடியில் தண்ணீர் குறைவாகவும் தள்ளிப் போகப் போகக் கூடுதலாகவும் இருக்கிறது. அந்தச் சரிவே ஒரு கடிகாரம். தண்ணீர் கண்ணாடிக்குள் என்ன வேகத்தில் நகரும் என்று தெரிந்தால், பிளவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று கணக்கிடலாம்.

2020இல் எரிமலை ஆய்வாளர் வாட்ஸ்வொர்த்தும் அவருடைய குழுவும் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் சொல்வது: ஆழத்தில் குழம்பு எப்போதுமே வெடித்துச் சாம்பலாகத்தான் உடைகிறது. அதில் ஒரு பகுதி எரிமலைக் குழாயின் சுவரில் ஒட்டி, சூட்டில் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, மறுபடி கட்டியாகிறது. அந்தக் கட்டிதான் மேலே வந்து அப்சிடியனாக வழிகிறது. கையில் வழவழவென்று இருக்கும் அந்தக் கல், ஒருகாலத்தில் தூளாக இருந்தது என்கிறார்கள். எனக்கு இந்த வாதம் வலுவாகப் படுகிறது. ஒரே வாயில் சாம்பலும் லாவாவும் சேர்ந்து வந்ததை இதைவிட எளிதாக விளக்கும் ஒன்றை நான் படிக்கவில்லை.

கேட்காத காதுகள்

நான்கு மணி நேரம் என்ற எண் அடிக்கடி தவறாக எடுத்துச் சொல்லப்படுகிறது. அது கடைசி ஏற்றத்தின் நேரம். கீழே குழம்பு சேர்ந்த காலத்தையும், பிளவு திறக்கத் தயாரான காலத்தையும் அது சொல்லவில்லை. 24 மணி நேர எச்சரிக்கை என்பதும் மனிதர்களின் காலுக்குத் தெரிந்த அதிர்வை வைத்துச் சொன்ன கணக்கு. எரிமலைக்குப் பக்கத்தில் ஒரு நிலநடுக்கமானிகூட இல்லை. இருந்ததில் அருகிலுள்ளது ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில். மனிதருக்குத் தெரியாத சின்ன அதிர்வுகள் முன்பே இருந்திருந்தாலும் பதிவு செய்ய அங்கே எதுவும் இல்லை. ரயோலைட் முன்னறிவிப்பே தராது என்று சாய்டெனை வைத்துச் சொல்வது, கதவை மூடிக்கொண்டு யாரும் கூப்பிடவில்லை என்று சொல்வது மாதிரி.

மூன்றே ஆண்டுகளில் அதற்கு ஒரு ஒப்பீடும் கிடைத்தது. சாய்டெனுக்கு வடக்கே, அதே சிலியில், புயேஹுவே-கோர்டோன் காவுயே என்ற எரிமலை. அங்கேயும் வந்தது ரயோலைட் வகைக் குழம்புதான். ஆனால் சாய்டெனுக்குப் பிறகு சிலியின் நிலவியல் துறை தெமுகோ நகரிலிருந்து எரிமலைகளைக் கண்காணிக்கும் வலையை விரித்திருந்தது. 2011 ஏப்ரல் கடைசியிலேயே அதிர்வுகள் கூடியதைக் கருவிகள் பதிவு செய்தன. ஜூன் 4 அன்று வெடிப்பு தொடங்கியபோது, சுற்றியிருந்தவர்களை நகர்த்தும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. நீர் கலந்த ரயோலைட் இங்கேயும் வேகமாக ஏறக்கூடியதுதான். வித்தியாசம் கருவிகளில் இருந்தது.

காவுயேயில்தான் ரயோலைட் லாவா பரந்து ஓடுவதை ஆய்வாளர்கள் முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஹியூ டஃபன் அடங்கிய குழு 2012 ஜனவரியிலும், மறுபடி 2013 ஜனவரியிலும் அங்கே போய், ஒரே முகப்பைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, அது எப்படி நகர்கிறது என்று அளந்தது. சுமார் 35 மீட்டர் உயரச் சுவர்போல் நிற்கும் விளிம்பு. மேலே உடைந்த கண்ணாடிப் பாளங்கள். நின்றுவிட்டது என்று நினைத்த விளிம்புகளைப் பிளந்துகொண்டு உள்ளிருந்து புதிய நாக்குகள் வெளியே வந்திருந்தன. எண்ணிப் பார்த்தால் எண்பதுக்கும் மேல். 2013 ஜனவரியில் எரிமலை வாயிலிருந்து குழம்பு வருவது நின்று ஆறு முதல் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும், வாயிலிருந்து 3.6 கிலோமீட்டர் தள்ளி, கண்ணாடிப் போர்வைக்குள் சூடு தணியாத அந்தக் குழம்பு இன்னும் முன்னேறிக்கொண்டிருந்தது.